பட்டினி தெரிந்த பெற்றோரும் சாப்பிட மறுக்கும் பிள்ளையும்

வன்னியில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். லண்டனில் வளரும் என் 15 வயது மகள் நிறைந்த கோப்பையைத் தள்ளியபோது, உறவினர் அதைத் திமிர் என்றனர். அது அனொரெக்சியா என்ற நோய்.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுக்கும் மனச்சோர்வு, எரிச்சல், உணவு பற்றிய ஓயாத நினைப்பு எல்லாம் வந்தன. பட்டினி மனதையும் மாற்றிவிடும். ஆகவே முதல் மருந்து உணவுதான்.

லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பச் சிகிச்சை முறையையே நாங்களும் பின்பற்றினோம். முதற்கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். மகள் அழுவாள், கத்துவாள், அருகிலேயே இருப்போம். எதிர்ப்பது நோய், பிள்ளையல்ல என்று நினைத்துக்கொள்வோம். எடை தேறியதும் பொறுப்பு மெல்ல அவளிடம் திரும்பும். இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

“எங்களுக்கு அப்ப ஒன்றுமே கிடைக்கவில்லை” என்ற பேச்சு இங்கே உதவாது. குற்றவுணர்வு பிள்ளையை இன்னும் ஒடுங்கச் செய்யும்.

வேகமான எடை இழப்பு, மாதவிடாய் நிற்பது போன்றவற்றைக் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். மயக்கமோ மிக மெதுவான நாடித்துடிப்போ இருந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.