ஓயாமல் துள்ளும் ஸ்பானியலுக்கு ஏற்ற வீடு

துள்ளலின் வேர்

ஸ்பானியல் என்பது புதர்களுக்குள் நுழைந்து, அங்கே பதுங்கியிருக்கும் பறவைகளையும் முயல்களையும் மோப்பம் பிடித்துக் கிளப்பிவிடுவதற்காகப் பல நூறு ஆண்டுகளாக வளர்க்கப்பட்டுவரும் வேட்டை நாய்க் குடும்பமாகும். பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் ஸ்பிரிங்கர், காக்கர் ஆகிய இரு ஸ்பானியல் இனங்களிலும், கண்காட்சிக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய கால்வழியும் வேட்டைக்களத்துக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய கால்வழியும் தனித்தனியே உண்டு. இவற்றுள் இரண்டாம் வகை நாய், ஈரமும் முள்ளும் நிறைந்த காட்டில் நாள் முழுவதும் ஓடினாலும் சளைக்காத உடலையும், தன்னை நடத்துபவரின் கையசைவை அடிக்கடி திரும்பிப் பார்த்து அதற்கேற்ப நடக்கும் மனப்பாங்கையும் பிறவியிலேயே பெற்றிருக்கிறது. வெடிபொருளையும் போதைப்பொருளையும் கண்டுபிடிக்கும் பணியில் பிரிட்டனின் காவல்துறையும் ராணுவமும் இந்நாய்களை விரும்பிச் சேர்ப்பது இதனால்தான். 2003ஆம் ஆண்டு ஈராக்கின் சஃப்வானில் மறைத்துவைக்கப்பட்டிருந்த ஆயுதங்களை மோப்பத்தால் காட்டிக்கொடுத்து, விலங்குகளின் வீரத்துக்கென வழங்கப்படும் டிக்கின் பதக்கத்தைப் பெற்ற பஸ்டர் ஒரு ஸ்பிரிங்கர் ஸ்பானியலே.

ஒரு ஸ்பானியலைக் காப்பகத்தில் விட வருவோர் சொல்லும் குறைகளில் "ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லை", "எங்கே போனாலும் காலடியிலேயே வருகிறது" என்ற இரண்டும் அடிக்கடி இடம்பெறுகின்றன. ஆனால் இவை இரண்டும் அந்த உடலும் மனமும் எந்த வேலைக்காக உருவாயினவோ அதன் நேரடி விளைவுகளே. எனவே இவற்றைக் கெட்ட பழக்கமாகக் கருதித் திருத்த முயல்வதைவிட, நாளுக்கு எத்தனை மணி நேர ஓட்டம், எவ்வளவு மூளை உழைப்பு, எவ்வளவு மனிதத் துணை தேவை என்று உடல்நலக் கணக்காகப் பார்த்து, அந்தக் கணக்கைத் தாங்கக்கூடிய வீட்டைத் தேடுவதே முறை.

காப்பகத்துக்கு வந்துசேரும் வழிகள்

நீண்ட காதையும் மென்மையான பார்வையையும் கண்டு வேட்டைக் கால்வழிக் குட்டியை வாங்கும் குடும்பம், அது ஓராண்டை எட்டித் துள்ளல் உச்சத்துக்கு வரும்போது திணறிப்போவது பரவலாக நிகழ்கிறது. வளர்த்தவரின் மரணம், மணமுறிவு, வீடு மாறுதல் ஆகியவற்றால் வரும் நாய்களும் உண்டு. துப்பாக்கி ஓசைக்கு அஞ்சுவதால் வேட்டைக்கு உதவாது என்று கைவிடப்படும் நாய்களும் உண்டு. இவை எவற்றிலும் நாயின் தவறு என்று சொல்ல எதுவுமில்லை.

இவற்றினும் கொடிய வழி ஒன்று உள்ளது. குட்டி ஈனும் இயந்திரமாகப் பெண் நாய்களைக் கூண்டிலேயே அடைத்துவைத்திருக்கும் வணிகப் பண்ணைகளிலிருந்து மீட்கப்படும் நாய்கள், ஓடியறியாத தசைகளோடும் ஓயாத பிரசவத்தால் நலிந்த உடலோடும் வெளியே வருகின்றன. 2013ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல், இடுப்பெலும்பு இறுகி, முதுகெலும்பு வளைந்து, உடலெங்கும் முடி உதிர்ந்த நிலையில் இருந்தது. 2016இல் அது இறந்த பின்னும் அதன் பெயரால் தொடர்ந்த இயக்கத்தின் பயனாக, ஆறு மாதத்துக்குட்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் இடைத்தரகர்கள் விற்பதைத் தடைசெய்யும் 'லூசி சட்டம்' 2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

பிரிட்டனில் 1860இல் தொடங்கப்பட்ட பேட்டர்சீ காப்பகமும், 1891இல் தொடங்கப்பட்ட டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பும் எல்லா இன நாய்களையும் ஏற்கின்றன. இவை தவிர, ஸ்பானியல்களை மட்டுமே மீட்கும் தன்னார்வக் குழுக்களும் அந்நாட்டில் செயல்படுகின்றன. இக்குழுக்களிற் பல, நாயைக் கூண்டில் வைக்காமல், நிரந்தர இடம் கிடைக்கும்வரை ஓர் உறுப்பினரின் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கின்றன. இடைக்கால வளர்ப்பு எனப்படும் இம்முறை ஸ்பானியலுக்குப் பெரிதும் உகந்தது. கூண்டின் இரைச்சலிலும் தனிமையிலும் இந்நாய் சுற்றிச் சுற்றி ஓடுவது, குரைப்பது, உண்ணாமல் மெலிவது என்று தன் இயல்பே திரிந்து நிற்குமாதலால், அங்கே பார்த்துவிட்டு அதன் குணத்தை எடைபோடுவது நாய்க்கு இழைக்கும் அநீதியாகவே முடியும்.

முதலில் பார்க்க வேண்டியது காது

மீட்கப்பட்ட ஸ்பானியலின் உடற்பரிசோதனையைக் காதிலிருந்து தொடங்குவது நல்லது. நாயின் காதுக்குழாய் மனிதக் காதைப் போல ஏறத்தாழ நேராக உள்ளே செல்வதில்லை. முதலில் செங்குத்தாகக் கீழிறங்கி, பின் பக்கவாட்டில் திரும்பிச் செவிப்பறையை அடைகிறது. ஸ்பானியலில், குறிப்பாகக் காக்கரில், இந்த வளைந்த குழாய்க்குள் முடியும் மெழுகுச் சுரப்பிகளும் மிகுதி. அதன்மேல் கனத்த காதுமடல் மூடிபோலத் தொங்குவதால் காற்றோட்டம் குறைந்து, குளத்திலும் ஓடையிலும் முங்கியெழுந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் மெழுகும் சேர்ந்த அவ்விடத்தில் மலாசீசியா என்ற நுண்பூஞ்சையும் பாக்டீரியாக்களும் பெருகுவதால் உண்டாகும் அழற்சியே வெளிக்காது அழற்சி எனப்படுகிறது.

மடலைத் தூக்கிப் பார்த்தால் உட்தோல் வெளிர் இளஞ்சிவப்பாகவும் நாற்றமின்றியும் இருக்க வேண்டும். புளித்த மாவின் வாடையும், காப்பிப்பொடி நிறத்தில் பிசுபிசுத்த அழுக்கும், தொட்டதும் நாய் தலையைச் சாய்த்து முனகுவதும் நோயின் அடையாளங்கள். அடிக்கடி தலையை உதறுவதும், காதைத் தரைவிரிப்பில் தேய்ப்பதும் அதே செய்தியைச் சொல்கின்றன. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குழாயின் சுவர் தடித்து அடைபட்டு, குழாயையே முழுவதுமாக அகற்றும் அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலைகூட வரும்.

நடத்தை கெட்டுப்போனது என்று முத்திரை குத்தப்பட்டு வரும் ஸ்பானியலின் காதை மருத்துவர் பார்ப்பதற்கு முன் அதன் குணத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தலையைத் தடவ நீளும் குழந்தையின் கையை நோக்கி உறுமிய நாய், உண்மையில் வலியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முயன்றிருக்கலாம். வலி தீர்ந்தபின் அந்த உறுமலும் படிப்படியாக நின்றுவிடுவதுண்டு. காதைச் சுத்தம் செய்யப் பஞ்சுக்குச்சியைப் பயன்படுத்துவது அழுக்கை வளைவுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். மருத்துவர் தரும் கழுவுநீரை ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து மெல்லப் பிசைந்து, நாய் தலையை உதறியபின் வெளிவருவதை மட்டும் பஞ்சால் துடைப்பதே சரியான முறை.

பிற சோதனைகள்

கண் வறட்சியும் கணைய அழற்சியும் காக்கர்களிடம் அடிக்கடி காணப்படுவன. விழித்திரை படிப்படியாக நலியும் பரம்பரை நோய் காக்கர், ஸ்பிரிங்கர் ஆகிய இரு இனங்களிலும் உண்டு. தொற்றுகளுக்கான தடுப்பூசி, குடற்புழு நீக்கம், தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்குமான மருந்து, கருத்தடை ஆகியவற்றை நல்ல காப்பகங்கள் நாயை ஒப்படைக்கும் முன்பே முடித்துவிடும். முடித்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குவது தத்தெடுப்பவரின் கடமை. கருத்தடைக்குப் பின் ஸ்பானியல் எளிதில் எடை கூடும். அடர்ந்த முடி அதை மறைத்துவிடுவதால், விலா எலும்புகளை விரலால் தடவி உணர முடிகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

கோடையில் முற்றிய புல்லின் கூர்விதை தனிக் கவனத்துக்குரியது. அம்புமுனை போன்ற அவ்விதை, விரலிடை முடியில் சிக்கித் தோலைத் துளைத்து உள்ளே செல்லும்; பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் இருப்பதால் திரும்பி வெளியே வராமல் மேன்மேலும் உள்ளேறிச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். நடையிலிருந்து திரும்பியதும் ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்தப் பொறுமை இல்லாத வீட்டுக்கு ஸ்பானியல் பொருந்தாது.

பாசமும் பிரிவுப் பதற்றமும்

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் நோக்கும்போது, தாய்-சேய்ப் பிணைப்பில் பங்குபெறும் ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் இருவர் உடலிலும் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எந்நேரமும் முகம் பார்த்து நிற்கும் ஸ்பானியலை வளர்ப்பவர்கள் அனுபவத்தால் அறிந்ததற்கு உடலியல் விளக்கம் தந்த ஆய்வு அது.

இவ்வளவு ஒட்டுதல் உள்ள நாய் ஒருமுறை வீட்டை இழந்தபின், புதிதாகக் கிடைத்த மனிதரும் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது அடையும் பீதியே பிரிவுப் பதற்றம். ஊளையிடுதல், கதவைப் பிறாண்டுதல், எச்சில் வடிதல், வீட்டுக்குள் சிறுநீர் கழித்தல் ஆகிய இதன் அறிகுறிகள் பெரும்பாலும் தனித்துவிடப்பட்ட முதல் அரைமணி நேரத்துக்குள் தோன்றும். இவை பழிவாங்கும் செயல்கள் ஆகா. திரும்பிவந்து திட்டினால் பயம் இரட்டிப்பாகும். சில நொடிகள் மட்டும் அறையை விட்டு விலகித் திரும்புவது, பின் அதைச் சிறுகச் சிறுக நிமிடங்களாக நீட்டுவது, நாய் பதறத் தொடங்கும் முன்பே வந்துவிடுவது என்ற படிமுறைப் பயிற்சியே பயன்தரும். பழகிய நாயைக்கூட ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விட வேண்டாம் என்பது பிரிட்டன் விலங்கு நல அமைப்புகளின் பொதுவான அறிவுரை.

எந்த வீடு பொருந்தும்

பெரிய தோட்டம் உள்ள வீடு கிடைத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது; அது பாதி உண்மை மட்டுமே. வேலியிட்ட தோட்டம் பாதுகாப்பானதுதான் என்றாலும், அதில் தனியே விடப்பட்ட ஸ்பானியல் கதவருகே நின்று உள்ளிருக்கும் மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். வீட்டின் பரப்பைக் கேட்பதைவிட, பகலில் அங்கே யார் இருப்பார்கள், மழையிலும் பனியிலும் யார் நடைக்கு அழைத்துச் செல்வார்கள், சேறு படிந்த நாய் கூடத்துக்குள் ஓடிவந்தால் முகம் சுளிப்பவர் யார் என்று கேட்பது பொருத்தத்தை நன்கு காட்டும். வளர்ந்த ஸ்பிரிங்கருக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட உடற்பயிற்சி தேவை என்கிறது பிரிட்டனின் கென்னல் கிளப். வீட்டிலிருந்தே பணிசெய்பவர், நடைப்பழக்கம் உள்ள ஓய்வுபெற்றோர், ஓட்டப்பயிற்சி செய்பவர் ஆகியோர் இதற்கு ஏற்றவர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நாயின் துள்ளலே ஆபத்தாகலாம். அமைதியான மூத்த நாய் ஒன்று ஏற்கெனவே இருப்பது, பண்ணையிலிருந்து மீண்ட அச்சமுள்ள ஸ்பானியலுக்குப் பேருதவியாகும். எனினும் இரண்டையும் பொதுவெளியில் பலமுறை சேர்ந்து நடக்கவிட்ட பின்பே வீட்டுக்குள் அழைத்துவர வேண்டும்.

மூக்குக்கு வேலை

துள்ளலைத் தணிக்கப் பந்தை மீண்டும் மீண்டும் எறிந்து ஓடவிடுவது, இந்நாயைப் பொறுத்தவரை, கிளர்ச்சியை ஏற்றி மூட்டுகளையும் தேய்க்கும் வழி. மோப்ப வேலையோ குறைந்த நேரத்தில் அதைக் களைப்படையச் செய்து, மனத்தையும் அடங்கச் செய்கிறது. பழைய துண்டொன்றை விரித்து, உலர்தீனியைத் தூவி, பாய்போலச் சுருட்டி வைத்தால், மூக்கால் நிமிண்டி விரித்து ஒவ்வொரு துணுக்காகத் தேடியெடுக்கும் நாயின் வால் வேகமாக ஆடத் தொடங்கி, தேடல் ஆழமாகும்போது மூச்சு சீராகி, முடிந்ததும் அங்கேயே படுத்துவிடுவதைக் காணலாம். அடுத்த கட்டமாகத் தேயிலைப்பை போன்ற ஒரு குறிப்பிட்ட வாசனையை வீட்டுக்குள்ளும் பின்பு திறந்தவெளியிலும் ஒளித்துவைத்துத் தேடவைக்கலாம். நடையின்போது புதரோரம் நின்று முகரும் நாயைக் கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்வது, அது எதற்காக வெளியே வந்ததோ அதையே மறுப்பதாகும்.

முதல் வாரங்கள்

பழைய உணவை உடனே நிறுத்தினால் வயிற்றுப்போக்கு உண்டாகும் என்பதால், காப்பகத்தில் தந்த உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுவது நல்லது. சாக்லெட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவை நாய்க்கு நஞ்சு. மேசைமேல் தாவக்கூடிய ஸ்பானியல் உள்ள வீட்டில் இவை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்துப் புதிய நாயைக் காட்டும் ஆசையைச் சில வாரங்கள் தள்ளிப்போடலாம். எங்கே உறங்குவது, எப்போது உணவு வரும், யார் நம்பத்தக்கவர் என்பதெல்லாம் நாய்க்குப் பிடிபட மாதக்கணக்கு ஆகும். முதல் சில நாள் அடக்கமாக இருந்த நாய் மூன்றாம் வாரத்தில் திடீரெனத் துள்ளித் திரிவது, அச்சம் நீங்கியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எட்டு வார வயதைக் கடந்த நாய்களுக்கு மைக்ரோசிப், அதாவது தோலடியில் பொருத்தப்படும் அடையாளச் சில்லு, 2016 முதல் பிரிட்டனில் கட்டாயம். புதிய உரிமையாளர் தம் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பதிவேட்டில் மாற்றாவிட்டால், மணம் பிடித்தபடி தொலைதூரம் ஓடிவிடும் ஸ்பானியலைக் கண்டெடுத்தவர் பழைய வீட்டையே அழைக்க நேரும்.

வீட்டாரின் உடல்நலம்

நாயின் குடலில் வாழும் டாக்ஸோகேரா என்ற உருளைப்புழுவின் முட்டைகள், மலத்தோடு வெளியேறிச் சில வாரங்கள் கழித்தே தொற்றும் தன்மை பெறுகின்றன. ஆகவே மலத்தை உடனுக்குடன் அகற்றுவதும் கைகழுவுவதும் குழந்தைகளைக் காக்கும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் மனிதரையும் தாக்கக்கூடியது என்பதால், தண்ணீரைக் கண்டாலே குதிக்கும் இந்நாய்க்கு அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் மீட்பு நாய்களுக்கு, மனிதருக்கும் அரிதாகத் தொற்றக்கூடிய புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்துவிடுவது பாதுகாப்பானது.

பொருந்தாமல் போனால்

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் சில வீடுகள் பொருந்தாமல் போகும். பொறுப்புள்ள அமைப்புகள், எந்த வயதிலும் நாயைத் தம்மிடமே திருப்பித்தர வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். விளம்பரம் கொடுத்து முன்பின் அறியாதவரிடம் ஒப்படைப்பதைவிட அதுவே நாய்க்குப் பாதுகாப்பு. திருப்பித்தருபவரைக் குற்றவாளியாக நடத்தும் அமைப்பிடம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். நாய் எத்தனை நிமிடம் தனியே இருந்தது, எந்த ஓசைக்கு நடுங்கியது, உணவுக்கிண்ணத்தை அணுகியபோது எப்படி நின்றது, காதுமருந்து கடைசியாக எப்போது போடப்பட்டது என்று அவர் எழுதித்தரும் ஒரு பக்கக் குறிப்பைக் கொண்டே அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியும்.