வழக்கிலிருந்து திரைக்கு

உண்மைக் கொலை வழக்குகளிலிருந்து பிறந்த திரைப்படங்கள் அனைத்தையும் ஒரே வகையில் அடக்குவதற்கில்லை. ஒரு வழக்கிலிருந்து அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர், ஆள், காலம் ஆகியவற்றைக் கைவிட்டுவிடும் படங்கள் ஒருபுறம் இருக்க, வழக்கு நடந்த மண்ணையும் அதை விசாரித்தவர்களின் நடத்தையையும் விடாமல் பற்றிக்கொள்ளும் படங்கள் மறுபுறம் உள்ளன. பெரும்புகழ் பெற்றவை முதல் வகைப் படங்களே என்றாலும், கொல்லப்பட்டவர்களுக்கு ஓரளவேனும் நியாயம் செய்பவை இரண்டாம் வகைப் படங்கள்தாம்.

முதல் வகைக்கு ஊற்றாக அமைந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள பிளெயின்ஃபீல்டு என்னும் சிற்றூர். 1957 நவம்பரில் அங்கே இரும்புச் சாமான் கடை நடத்திவந்த பெண்ணொருவர் காணாமற்போனதைத் தொடர்ந்து, எட் கீன் என்பவர் தனியாக வாழ்ந்துவந்த பண்ணை வீட்டைச் சோதித்த காவலர்கள், அப்பெண்ணின் உடலோடு, கல்லறைகளைத் தோண்டி எடுத்த பிணங்களின் தோலாலும் எலும்பாலும் செய்யப்பட்ட பொருள்களையும் கண்டனர். கீன் இரண்டு கொலைகளை ஒப்புக்கொண்டார். அவர் மனநோயாளி எனத் தீர்மானிக்கப்பட்டதால், 1984இல் இறக்கும்வரை மனநல மருத்துவமனைக் காவலில் இருந்தார்.

அந்த ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் அப்போது வாழ்ந்துவந்த எழுத்தாளர் ராபர்ட் பிளாக், வழக்கின் விவரங்களை முழுமையாக அறிந்துகொண்டு எழுதத் தொடங்கியவர் அல்லர். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் ஊரில் ஒருவர் எவருக்கும் ஐயம் எழாதவாறு இப்படி வாழ முடிந்தது என்ற ஒன்றே அவரை உலுக்கியது. அதிலிருந்து 1959இல் 'சைக்கோ' நாவலும், அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் படமும் வந்தன. பண்ணை வீடு நெடுஞ்சாலையோர விடுதியாக மாறியது. தாயின் பிடியிலிருந்து விடுபடாத மகன் மட்டும் எஞ்சினான். 1974இல் வெளிவந்த 'த டெக்சஸ் செயின் சா மாசகர்' கீனின் வீட்டிலிருந்து தோல் முகமூடியை எடுத்துக்கொண்டு, கதையை வெகுதொலைவில் உள்ள டெக்சஸுக்குக் கொண்டுபோய், நடந்தது 1973 ஆகஸ்ட் 18 என்று தொடக்கத்திலேயே அறிவித்து, தன்னை உண்மைக் கதையாகக் காட்டிக்கொண்டது. படம் பிடிக்கப்பட்டதே அந்த ஆண்டின் கோடையில்தான். அப்படியொரு நிகழ்ச்சி டெக்சஸில் நடக்கவே இல்லை. 1991இல் வந்த 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தின் கொலைகாரன் கீன் உட்படப் பல குற்றவாளிகளின் செயல்களைச் சேர்த்துப் புனையப்பட்டவன். இத்தனை படங்களுக்கும் மூலமான வழக்கில் உயிரிழந்த இரு பெண்கள் யார், எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவற்றுள் எதிலும் இடமில்லை. கலைத்திறனில் 'சைக்கோ' எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்தக் குறை குறையே.

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன் ஹோ 2003இல் எடுத்த 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' வேறு வழியில் செல்கிறது. தலைநகர் சோலுக்குத் தெற்கே, வயல்கள் சூழ்ந்த ஹ்வாசொங் பகுதியில் 1986க்கும் 1991க்கும் இடையே சிறுமி முதல் 71 வயது மூதாட்டி வரை பத்துப் பேர் கொல்லப்பட்டனர். 20,000க்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டும் கொலையாளி பிடிபடவில்லை. இதைப் பற்றிய ஒரு நாடகத்தைத் தழுவிய இப்படம், கொலைகாரனின் மனத்துக்குள் நுழைய முயலாமல், காவல்துறையின் இயலாமையையே தன் பொருளாகக் கொள்கிறது. பிணம் கிடக்கும் வயலோரத்தில் ஊரார் கூடி நிற்க, கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மீது டிராக்டர் ஏறிச் செல்கிறது. மனவளர்ச்சி குன்றிய இளைஞனை அடித்தும் மிரட்டியும் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கப் பார்க்கிறார்கள். அன்றிரவு கொலை நடக்கும் என்று அஞ்சிக் கூடுதல் காவலர்களைக் கேட்டால், அவர்கள் அரசை எதிர்த்துப் போராடுவோரை ஒடுக்கப் போயிருப்பதாக மறுமொழி வருகிறது. இராணுவப் பின்னணி கொண்ட அன்றைய ஆட்சி தன் காவலர்களை யாருக்கு எதிராக நிறுத்தியிருந்தது என்பதை இந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. இறுதிக் காட்சியில் துப்பறிவாளராக நடித்த சோங் காங் ஹோ நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி எங்கோ திரையரங்கில் அமர்ந்து இப்படத்தைப் பார்க்கக்கூடும் என்று எண்ணியே அக்காட்சியை அமைத்ததாக இயக்குநர் கூறியிருக்கிறார்.

குற்றம் நடந்து குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்குத் தொடராவிட்டால் பிறகு தண்டிக்க முடியாது என்னும் காலவரம்பு விதி அப்போது தென்கொரியாவில் கொலைக்கும் பொருந்தியதால், இவ்வழக்குகளுள் கடைசியானதும் 2006இல் காலாவதியாயிற்று. ஆனால் 2019இல், பாதுகாத்து வைத்திருந்த தடயங்களை மரபணுச் சோதனைக்கு, அதாவது உடலின் செல்களில் உள்ள தனித்த அடையாளத்தை ஒப்பிட்டு ஆளைக் கண்டறியும் சோதனைக்கு, உட்படுத்தியபோது லீ சுன் ஜே என்பவரின் பெயர் வெளிவந்தது. மனைவியின் தங்கையை 1994இல் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றுப் புசான் சிறையில் இருந்த அவர், ஹ்வாசொங் கொலைகள் உட்பட 14 கொலைகளை ஒப்புக்கொண்டார். முன்பே காவல்துறை அவரை விசாரித்திருந்தும், கொலையாளியின் இரத்தம் 'பி' வகை என்று தவறாக நம்பியிருந்ததால், 'ஓ' வகை இரத்தம் கொண்ட அவரை விட்டுவிட்டது.

இதைவிடக் கொடியதும் ஒன்று உண்டு. 1988இல் சிறுமி ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்ட வழக்கில், போலியோவால் கால் பாதிக்கப்பட்ட 22 வயது இளைஞரைப் பிடித்து, தூங்கவிடாமல் வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையில் கழித்த பின் பரோலில் வந்த அவரை, 2020 டிசம்பரில்தான் நீதிமன்றம் நிரபராதி என்று விடுவித்தது. படத்தில் வதைக்கப்பட்ட இளைஞன் விடுவிக்கப்படுகிறான். படம் வெளிவந்த அதே ஆண்டில் உண்மையில் வதைபட்டவரோ சிறையில் இருந்தார். ஆக, கொலையாளி, அவருக்குப் பதிலாகத் தண்டிக்கப்பட்டவர் ஆகிய இருவருமே அப்போது கம்பிகளுக்குப் பின்னால்தான் இருந்தனர். இயக்குநருக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. ஆயினும், அடித்து வாங்கும் வாக்குமூலமே அந்த விசாரணையின் ஆறாத புண் என்று அவர் சரியான இடத்தில் விரல் வைத்திருந்தார். வழக்கை விட்டு விலகாத படத்துக்கே இது கைகூடும்.

மறுவிசாரணையில் சாட்சியம் அளித்த லீ சுன் ஜே, சிறையில் அப்படத்தைப் பார்த்ததாகவும், அது தனக்கு வெறும் படமாகவே தோன்றியதாகவும் கூறினார். கொலையாளியின் கண்ணை நேருக்கு நேர் பார்க்க விரும்பிய கலைஞனுக்கு இப்படியொரு மறுமொழி கிடைத்தது வேதனைக்குரியது. ஆனால் படத்தின் பார்வை அவர் ஒருவருக்கானதன்று; தடயத்தை அழித்த கவனக்குறைவுக்கும், அப்பாவியை அடித்த கைகளுக்கும் உரியதாகவே அதைக் கொள்ள வேண்டும். ஊரின் பெயரோடு கொலை ஒட்டிக்கொண்டதைப் பல ஆண்டுகள் சுமந்த ஹ்வாசொங் மக்கள் முறையிட்டதை ஏற்று, காவல்துறை 2019 டிசம்பரில் அவ்வழக்கின் அதிகாரப்பூர்வப் பெயரிலிருந்து ஊரை நீக்கி, கொலையாளியின் பெயரைச் சேர்த்தது.