சிற்றூரும் துப்பறியும் கதையும்



துப்பறியும் கதை என்றதும் நம்மிற் பெரும்பாலோர் உள்ளத்தில் எழுவன இருண்ட வீதியும், துப்பாக்கியும், விரைந்தோடும் மோட்டார் வண்டியுமேயாம். பாடசாலை மேசையின் கீழ் ஒளித்துப் படிக்கப்படும் நூல், ஆசிரியர் கண்டாற் பறித்து வைக்கும் நூல் என்ற பெயரும் அதற்கு உண்டு. அப்பெயருக்குச் சிறிதும் பொருந்தாத ஒரு வகைத் துப்பறியும் கதையைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இக்கதைகளின் களம் மாநகரமன்று; எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூர். துப்பறிபவர் பொலிஸ் அதிகாரியல்லர். அவ்வூரிலே நெடுங்காலம் வாழும் சாமானியர் ஒருவர். ஒரு நூலோடு கதை முடிந்துவிடுவதில்லை. அதே கடைத்தெரு, அதே தேவாலயம், அதே வைத்தியர், அதே வம்புக்காரர் என நூலுக்கு நூல் திரும்பி வருவர். கொலை நிகழும், ஆனால் குருதி நம் கண்ணிற் படாது. ஆங்கில நூல் வணிகர் இவ்வகைக்குக் 'கோஸி' என்று பெயரிட்டுள்ளனர். குளிர்நாட்டார் கணப்பருகே அமர்ந்து பெறும் இதத்தைக் குறிக்கும் சொல் அது. வெப்பநாட்டவராகிய நமக்கு, மழைக்கால மாலையில் விறாந்தைக் கதிரையிற் சாய்ந்து படிக்கும் கதை என்று கூறினால் விளங்கும்.

இவ்வகையின் தாய்வீடு என்று கூறத்தக்கது, அகதா கிறிஸ்டி அம்மையார் கற்பனையிற் கட்டிய சென் மேரி மீட் என்னும் இங்கிலாந்துக் கிராமமாகும். அங்கு வாழும் மிஸ் மார்ப்பிள் என்னும் மணமாகாத மூதாட்டி 1927 ஆம் ஆண்டில் ஒரு சிறுகதையில் முதன்முதல் தோன்றினார். 1930 இல் 'த மேர்டர் அட் த விக்கரேஜ்' என்னும் நாவலின் நாயகியானார். மொத்தம் பன்னிரண்டு நாவல்களும் இருபது சிறுகதைகளுமாக அவர் கதை வளர்ந்தது. இறுதி நாவல் அம்மையார் மறைந்த 1976 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஐம்பது ஆண்டுக்கு இரண்டொன்று குறைவான காலம், வாசகர் ஒரு மூதாட்டியின் கையிலுள்ள கம்பளிப் பின்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தனர்.

மிஸ் மார்ப்பிளிடம் பூதக்கண்ணாடி இல்லை. இரசாயனக் கூடமும் இல்லை. அவரிடம் உள்ளது ஊரைப் பற்றிய நினைவு ஒன்றே. பெரிய மாளிகையில் நடந்த கொலையைப் பற்றி எவரேனும் கூறும்போது, "இது எனக்குக் கடைக்காரப் பையன் ஒருவனை நினைவூட்டுகின்றது" என்ற பாங்கில் அவர் தொடங்குவார். கேட்பவர் நகைப்பர். ஆனால் அந்தப் பையன் சில்லறைக் காசுக்காகச் சொன்ன பொய்யும், மாளிகைக்காரர் பெருஞ்செல்வத்துக்காகச் சொன்ன பொய்யும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை என்பது பின்னர் தெளிவாகும். மனித இயல்பு எவ்விடத்தும் ஒன்றே என்பதும், அதனை உற்றுநோக்கச் சிற்றூரே தகுந்த கண்ணாடி என்பதும் அம்மையாரின் கொள்கை.

இக்கொள்கை எமது கரையோர மக்களுக்குப் புதியதன்று. கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களிலே புதிதாக ஒருவர் வந்தால் முதற் கேள்வி "எந்த ஊர்?" என்பது, அடுத்தது "எந்தக் குடி?" என்பது. தாய்வழியாக வரும் இக்குடி முறையையும், மணமகன் மனைவி வீட்டிற் சென்று வாழும் வழக்கத்தையும் ஆராய்வதற்காக 1969 ஆம் ஆண்டிலே அக்கரைப்பற்றுக்கு வந்தவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர். 2008 இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கு எமது ஊரே நடுக்களமாக அமைந்தது. போடியாரின் நெற்கணக்கும், திருமண வீட்டுச் சீர்வரிசையும், பள்ளிவாசல் மரைக்காயரின் உரிமையும் ஆகிய இவையெல்லாம் பல்கலைக்கழகத்தார் பொருட்படுத்தும் செய்திகளாயின. எம்மூர்க் கிணற்றடியில் இருந்த மூதாட்டியர் பலர் இவற்றை அவருக்கு முன்பே மனப்பாடமாக வைத்திருந்தனர் என்பது வேறு விடயம்.

ஆனால் ஊரை அறிதல் என்பதும் ஊர்வாயை நம்புதல் என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நுட்பமாகக் காட்டுவதனாலேயே இக்கதைகளை மாணவர் கையிற் கொடுக்கலாம் என்று நான் வாதிடுகின்றேன். இதற்கு 1940களின் தொடக்கத்தில் வெளிவந்த 'த மூவிங் ஃபிங்கர்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். லிம்ஸ்டொக் என்னும் சிறிய சந்தைப் பட்டினம். விமான விபத்திற் காயமுற்ற இளைஞர் ஒருவர், உடல் தேற வேண்டித் தம் சகோதரியுடன் அங்கு வந்து வீடு எடுக்கின்றார். சில நாள்களில், பெயரில்லாத கடிதம் ஒன்று வருகின்றது. அச்சு நூலிலிருந்து எழுத்துகளை வெட்டி ஒட்டிய கடிதம். அதில் இழிவான பழிச்சொல். விசாரித்தால், வைத்தியருக்கும் வந்துள்ளது, வழக்கறிஞருக்கும் வந்துள்ளது, வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் வந்துள்ளது. கடிதங்களில் உள்ளவை பெரும்பாலும் குருட்டுத்தனமான பொய்கள். எனினும் ஊரார் என்ன கூறுகின்றனர்? "நெருப்பில்லாமற் புகையுமா?" என்கின்றனர். வழக்கறிஞரின் மனைவி இறந்து கிடக்கின்றார். அருகே ஒரு கடிதம்.

மிஸ் மார்ப்பிள் இந்நூலிற் பிற்பகுதியிலேயே வருகின்றார். மதகுருவின் மனைவி அவரை அழைக்கின்றார். அழைப்பதற்கு அவர் கூறும் காரணம், தமக்குத் தேவையானவர் தீமையை நன்கறிந்த ஒருவர் என்பதே. வந்த மூதாட்டி, எல்லோரும் மூன்று கிழமையாகப் பேசிக்கொண்டிருந்த பேச்சை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, உண்மையில் நடந்தது என்ன என்று மட்டும் கேட்கின்றார். யார் எங்கே நின்றார்? எதை யார் கண்ணாற் கண்டார்? முடிவை நான் கூறப்போவதில்லை. நெருப்பும் புகையும் பற்றிய அந்தப் பழமொழியையே நாவல் உரைகல்லில் இட்டுத் தேய்த்துப் பார்க்கின்றது என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றேன்.

எமது மாவட்டத்தார்க்கு இது வெறும் கதையன்று. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 26 ஆம் நாள் இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்திலே, உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்து கலக்கப்படுகின்றது என்று வாடிக்கையாளர் சிலர் குற்றஞ்சாட்டினர். கூட்டம் கூடிற்று. சிங்களம் நன்கறியாத ஊழியர் ஒருவர் அச்சத்திற் கூறிய இரண்டொரு சொல், ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டது. கைத்தொலைபேசியிற் பதிந்த அக்காட்சி நாடெங்கும் பரவிற்று. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்த பொருளை அரச பகுப்பாய்வாளர் சோதித்து, அது மாக்கட்டியே என்று அறிவித்தார். ஆணையோ பெண்ணையோ அவ்வாறு நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் உலகில் இல்லை என்று மருத்துவரும் விளக்கினர். ஆனால் பகுப்பாய்வு வெளிவருமுன் கண்டி மாவட்டத்திலும் வீடுகள் எரிந்துவிட்டன.

துப்பறியும் நாவல் படித்துப் பழகிய பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் இவ்வழக்கைக் கொடுத்துப் பாருங்கள். பொருள் எங்கே, அதனைச் சோதித்தவர் யார், கேட்ட கேள்வி பதில் சொன்னவருக்கு விளங்கிற்றா, அவரைச் சூழ்ந்து நின்றவர் எத்தனை பேர் என்று அவன் கேட்பான். மிரட்டிப் பெற்ற ஒப்புதல் சான்றாகாது என்பதை அவன் சட்டக் கல்லூரியிற் கற்கவில்லை, கதையிற் கற்றான்.

சான்றைத் தேடும் இம்மரபு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான பண்டமுமன்று. அக்கரைப்பற்றுக்குத் தெற்கே தம்பிலுவில்லிற் கோயில் கொண்டுள்ள கண்ணகியின் கதையை நினைவு கூருங்கள். பாண்டியன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான். சிலம்பைத் திறந்து பார்த்தானல்லன். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம்; அதனை உடைத்துக் காட்டிய கணத்தில் வழக்கு முடிந்தது. உயிர் போன பின் முடிந்த வழக்கு அது. யூசுப் நபி அவர்களின் வரலாற்றிலோ, விசாரணை உரிய வேளையில் நடைபெறுகின்றது. பெண்ணொருத்தி பழி சுமத்த, அவ்வீட்டைச் சார்ந்த ஒருவர், சட்டை எப்புறம் கிழிந்துள்ளது என்று பாருங்கள் என்கின்றார். பின்புறம் கிழிந்திருந்தது. ஓடியவர் யார், துரத்தியவர் யார் என்பது துணியிலேயே எழுதப்பட்டிருந்தது. இவ்விரண்டு கதைகளையும் பாலோடு பருகி வளர்ந்த மக்கள் நாம்.

வாசகரை ஏமாற்றக்கூடாது என்பதிலும் இக்கதைகளுக்கு ஒரு நேர்மை உண்டு. றொனால்ட் நொக்ஸ் என்னும் குருவானவர் 1929 இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தோன்றவேண்டும். அமானுஷ்ய சக்தி எதுவும் உதவக்கூடாது. துப்பறிபவர் கண்ட தடயம் யாவும் வாசகருக்கும் காட்டப்படவேண்டும் என்பன அவற்றுட் சில. மறு ஆண்டு இலண்டனில் அமைந்த துப்பறியும் கதாசிரியர் கழகம், செஸ்ரற்றனைத் தலைவராகக் கொண்டு, ஏறக்குறைய இவ்விதிகளையே உறுதிமொழியாக ஏற்றது. விளையாட்டாகச் செய்தவைதாம். ஆயினும், சான்றை மறைத்து வைத்துக்கொண்டு தீர்ப்பைக் கூறாதே என்பது விளையாட்டு விதி மட்டுமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

குறைகளையும் கூறத்தான் வேண்டும். இந்நூல்களிற் கொலையுண்டவருக்காக அழுவோர் குறைவு. சவ அடக்கத்துக்கு மறுநாள் எல்லோரும் தேநீர் அருந்துகின்றனர். வீட்டுவேலை செய்வோர் பெரும்பாலும் நகைப்புக்குரியவராகவே வருகின்றனர். 1950 இல் வெளிவந்த 'எ மேர்டர் இஸ் அனௌன்ஸ்ட்' என்னும் நாவலில், ஐரோப்பிய யுத்தத்துக்குத் தப்பி வந்த அகதிப்பெண் ஒருத்தி சமையல் செய்கின்றாள். அவளுடைய அச்சமும் பொய்யும் சிரிப்புக்காகவே தீட்டப்பட்டுள்ளன. அகதி முகாம்களைக் கண்ட இந்நாட்டவராகிய நமக்கு அச்சிரிப்பு உவப்பன்று.

எனினும் அதே நாவல், தொடர்நூல் ஒன்றுக்கே வாய்க்கும் ஓர் ஆழத்தையும் காட்டுகின்றது. யுத்தத்துக்கு முன்னர் அவ்வூரில் ஒருவர் குடிவந்தால் அவரை அறிந்தவர் எவரேனும் இருப்பர். யுத்தத்தின் பின்னரோ, பங்கீட்டு அட்டையும் அடையாளச் சீட்டுமே ஒருவர் யார் என்பதற்குச் சாட்சி. அயலார் எல்லோரும் தாம் இன்னார் என்று தாமே சொல்லிக்கொள்பவர்கள். 1962 இல் வந்த நூலில், சென் மேரி மீட்டின் ஓரத்திலே புதிய குடியிருப்பு ஒன்று முளைத்துவிட்டது. முதுமையடைந்த மிஸ் மார்ப்பிள் அங்கே நடந்து சென்று, புதிய மக்களிடமும் பழைய முகங்களைக் காண்கின்றார். 2004 டிசம்பர் 26 இல் நேர்ந்த கடல்கோளிலே, இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். அதன்பின் இடம்பெயர்ந்து புதுக் குடியிருப்புகளில் அயலாரானவர்களும், கடல் கொண்டுபோன அடையாள அட்டைக்காகக் கந்தோர் வாசலில் நின்றவர்களும் இந்நூலின் பல பக்கங்களை உரையாசிரியர் உதவியின்றியே விளங்கிக்கொள்வர்.

தமிழிலே இவ்வகை உண்டா என்று நேயர்கள் வினவக்கூடும். துப்பறியும் கதைக்குப் பஞ்சமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜே. ஆர். ரங்கராஜு, துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் ஆகியோரும் பெரும்புகழ் பெற்றனர். தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு, வங்கி எழுத்தராயிருந்த அப்பாவி. தற்செயலாகவே வெற்றி பெறுபவர். நகைச்சுவையாலும் இதத்தாலும் அவரே நாம் பேசும் வகைக்கு அண்மையில் நிற்பவர். ஆனால் இவர்கள் யாவரும் நகரவாசிகள். ஒரே சிற்றூரை நூலுக்கு நூல் அகழ்ந்து, வட்டைவிதானையும் தபாற்காரரும் பள்ளிக்கூடத்து ரீச்சரும் சந்தேகத்துக்குள்ளாகி விடுபடும் தொடர் ஒன்று, எமது கரையிலிருந்து யாரேனும் எழுதின் வாசிக்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

புதிதாகத் தொடங்குவோர்க்கு 1932 இல் வெளிவந்த 'த தேர்ட்டீன் புரொப்ளம்ஸ்' என்னும் சிறுகதைத் தொகுதி ஏற்றது. பதின்மூன்று கதைகள், ஒன்று ஒரு மாலைக்குப் போதும். முதற் கதையில், மூவர் ஒரே மேசையில் இராப்போசனம் உண்கின்றனர்; தகரத்தில் அடைத்த சிங்க இறால் பரிமாறப்படுகின்றது; மூவரும் நோயுற, வீட்டுத் தலைவி இறக்கின்றார். பின்னர் ஊர் பேசத் தொடங்குகின்றது. இக்கதையை உயர் வகுப்பு மாணவருக்குத் தமிழிற் சொல்லி, விடை வருமுன் நிறுத்தி, தாளை இரண்டாக மடித்து ஒருபுறம் 'கண்டது' எனவும் மறுபுறம் 'கேட்டது' எனவும் எழுதச் செய்தேன். கணவனைப் பற்றி ஊரார் பேசிய பேச்சைப் பலர் 'கண்டது' என்ற பக்கத்தில் எழுதியிருந்தனர். ஊரார் பேசியது சரியோ பிழையோ, அது கேட்டதே. அதனை வெட்டி மறுபக்கத்துக்கு மாற்றுவித்த பின்னரே மிகுதியைச் சொன்னேன். நஞ்சு எவ்வழியில் வந்தது என்பதை நான்கு மாணவியர் கண்டுபிடித்துவிட்டனர்; அதனை இங்கே வெளியிட்டால் அவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.