மக்குப் பிள்ளையா?

கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். மனக்கணக்கில் புலி. ஆனால் புத்தகத்தைப் பிரித்துவிட்டால் போதும், எழுத்துக்களெல்லாம் அவனுக்கு விரோதிகளாகி விடுகின்றன! மயிலாப்பூரானாலும் வத்திராயிருப்பானாலும் இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாம் சூட்டும் பட்டம் ஒன்றுதான்: 'மக்கு'.

பாவம், அவன் மக்குமல்ல, சோம்பேறியுமல்ல. இதற்கு 'டிஸ்லெக்ஸியா' என்று பெயர். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர், பெர்ஸி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்பது அவனுடைய உபாத்தியாயரின் அபிப்பிராயம்!

அன்று முதல் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. மூளையைப் படம் பிடித்தார்கள், பரம்பரையைத் துருவினார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால், அல்லல்படுகிறவர்களைப் பார்த்து, "எதை ஆராய்ந்தால் உங்களுக்கு உபயோகம்?" என்று கேட்க வேண்டாமா?

ஸ்காட்லாந்தில் கேட்டார்கள். கற்பதில் சிரமமுள்ளவர்கள், பெற்றோர், அவர்களுக்கு உதவும் நிபுணர்கள் ஆகியோரைக் கலந்து 2018-ல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலிடம் பெற்றது எது தெரியுமா? சிரமத்தை ஆரம்பத்திலேயே கண்டுகொண்டு உதவ, ஆசிரியருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதுதான்!

மலையடிவாரத்து வத்திராயிருப்பில் ஒரு தாயாரிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்லுவாள்?

"என் பிள்ளை தமிழ் படிக்கிறான். தமிழில் சோதித்துச் சொல்லுங்கள்" என்பாள். நியாயம்தானே? உலகில் நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியது. நம் எழுத்தின் சங்கடம் வேறு. 'கொ' என்பதில் கொம்பு முன்னே, கால் பின்னே. ஒலியிலோ உயிர் கடைசியில்தான் வருகிறது. 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க', ஓசை மூன்று! மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் பரிசோதனை 2015-ல் வெளியானபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்ற நான்கு மொழிகளில்தான் இருந்தது.

"யாரிடம் காட்டுவது?" என்பது அடுத்த கவலை. சென்னையில் 1991 முதல் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இருக்கிறது. ஆனால் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்! 2016-ம் வருஷத்துச் சட்டம் இந்தக் குறையையும் அங்கீகரித்திருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், எழுதித் தர ஓர் ஆள் என்று சலுகைகள் உண்டு. ஆயினும் சர்ட்டிபிகேட் இருந்தால்தான் சலுகை; குறையைக் கண்டுபிடித்தால்தான் சர்ட்டிபிகேட்!

"நாளைக்கு இவன் எப்படிப் பிழைப்பான்?" என்பது மூன்றாவது. இதற்கு விடை, படிக்கத் திணறியும் வாழ்ந்து காட்டியிருக்கும் பெரியவர்களிடம் இருக்கிறது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது. பிள்ளையின் அப்பாவே அப்படி ஒருவராக இருக்கலாம்! ஆராய்ச்சிக்காரர்கள் அவரையும் உட்கார வைத்துக் கேட்கட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. கண்ணையும் காதையும் சோதியுங்கள். பாடத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஆசிரியையிடம் மனம் விட்டுப் பேசுங்கள். முக்கியமாக, அந்த 'மக்கு' என்ற சொல்லை இன்றோடு வீட்டை விட்டு விரட்டுங்கள், சகோதரிகளே!