உடலை அளந்தறிதல்

சுவர் இருந்தாலன்றிச் சித்திரம் எழுதவியலாது என்பது முன்னோர் மொழி. கைகால்களையே படைக்கலமாகக் கொண்ட கராத்தேக் கலையைப் பயில்வோர்க்கு உடலே சுவராகும். ஒகினாவாத் தீவில் வளர்ந்த இக்கலை, 2021ஆம் ஆண்டில் டோக்கியோ நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலும் இடம்பெற்றது. இன்று தாம்பரம் முதலிய சென்னையின் தென்புறநகர்களிலும் சிறுவர் சிறுமியர் இதனைப் பயில்கின்றனர். அவர்தம் உடல்திறனை அளந்தறிந்து பயிற்றுதலே முறையாகும்.

உடற்பயிற்சியை ஒரு கல்வியாகப் போற்றுவது இப்பகுதிக்குப் புதிதன்று. 1920ஆம் ஆண்டில் எச். சி. பக் என்பார் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் விளங்குகின்றது. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில், மேலக்கோட்டையூரில், விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் அமைந்துள்ளது.

உடல்திறனை அறியும் அளவைகள் எளியன. முதலில் மாணவனுடைய உயரமும் எடையும் குறிக்கப்படும். பின்னர் அவன் கால்களை நீட்டி அமர்ந்து, முழங்கால் மடங்காமல் முன்குனிந்து, விரல்களால் எவ்வளவு தொலைவு எட்டுகின்றான் என்று பார்ப்பர். இது வளைதிறனைக் காட்டும். நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாண்டும் தொலைவு கால்களின் விசையைக் காட்டும்.

விரைவுணர்ச்சியை அறிய ஓர் அளவுகோலே போதும். ஒருவர் அதனைத் தொங்கவிட்டுத் திடீரென நழுவவிடுவார். மாணவன் அதனை விரல்களால் பற்றுதல் வேண்டும். கோல் 20 சென்டிமீட்டர் விழுந்தபின் பற்றினால், அவன் ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொண்டான் எனக் கொள்ளலாம். எதிரியின் குத்தைத் தடுப்பவனுக்கு இச்சிறு நேரமும் பெரிதாகும்.

தாங்கும் ஆற்றலை அறிய, 20 மீட்டர் இடைவெளியுள்ள இரு கோடுகளுக்கிடையே ஒலிக்குறிப்புக்கு ஏற்ப ஓடச் செய்வர். மணிக்கு 8.5 கிலோமீட்டர் எனத் தொடங்கும் வேகம், நிமிடந்தோறும் அரைக் கிலோமீட்டர் கூடும். சென்னையின் வெயிலில் இதனை நடத்துதல் தீது, காலைப்பொழுதே ஏற்றது. மயக்கமோ நெஞ்சுவலியோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும்.

அளப்பதினும் அளந்ததன் பொருளை உணர்தல் அரிது. வளரும் பருவத்தில் எலும்புகள் விரைந்து நீளும். தசைகள் சற்றுப் பின்தங்கும். ஆதலின் நேற்றுவரை காலைத் தலைக்குமேல் வீசிய மாணவன், சில திங்கள் அங்ஙனம் வீச இயலாமற்போகக்கூடும். இதனைச் சோம்பல் எனக் கருதி, அவன் கால்களை வலிந்து விரிப்பின் தசை கிழியும்; கலையையே அவன் கைவிடவும் நேரும். உயரக் குறிப்பைப் பார்த்த ஆசிரியரோ காரணத்தை உணர்ந்து பயிற்சியைத் தணிப்பார்.

ஒரே வயதினர் இருவர் ஒரே அளவில் வளர்வதில்லை. ஆதலின் ஒருவனுடைய எண்களைப் பிறனுடைய எண்களோடு ஒப்பிட்டு இகழ்தல் தகாது. மூன்று திங்களுக்கு முன் அவனே பெற்ற எண்களோடு, அதே நேரத்தில், அதே முறையில் அளந்து ஒப்பிடுதலே நன்று. தன் உடலை அறிந்து பயில்வோர் நெடுங்காலம் பயில்வர்.