பாட்டு இலவசம்தான்... வாசிச்சவருக்கு?



போன மாசம் பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே முப்பது நாற்பது கேசட். அதற்கு அடியில் தாத்தா வாங்கின ஏழு இசைத்தட்டுகள். "அப்பா, இதையெல்லாம் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாமா? என் செல்லுல இதைவிட பத்து மடங்கு பாட்டு இருக்கு" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே, "சரி, அந்தப் பாட்டுக்கெல்லாம் நீ எவ்வளவு காசு குடுத்த?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருமா? யோசித்துக்கொண்டே படியுங்கள். அந்தப் பெட்டியில் இருந்த ஒரு கேசட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இசைத்தட்டு எப்படிப் பாடுகிறது?

1877-இல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அது உருளை. தட்டையான தட்டில் பதியும் கிராமபோனுக்கு 1887-இல் காப்புரிமை கேட்டவர் எமில் பெர்லினர். தட்டின் மேல் சுருள் சுருளாக ஒரு மெல்லிய கோடு பள்ளமாக ஓடும். குரல் ஏறி இறங்குவது போலவே அந்தப் பள்ளமும் நெளியும். ஊசி அதில் ஓடும்போது அதே அதிர்வு திரும்ப வரும். அவ்வளவுதான்!

பழைய தட்டு அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் உடைந்துவிடும். நிமிடத்துக்கு 78 சுற்று. சாதாரண 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டுதான். 1948-இல் வினைல் எல்.பி. வந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் கேட்கலாம் என்று ஆனது.

முக்கியமான விஷயம் இதுதான்: இசைத்தட்டை வீட்டில் பிரதி எடுக்க முடியாது. பாட்டு வேணும்னா கடைக்குப் போய்த்தான் ஆகணும்.

பிரதி எடுக்கும் காலம்

1963-இல் ஃபிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்தது. அப்பா காலத்தில் காலி கேசட்டையும் ஒரு பாட்டு லிஸ்டையும் ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்களாம். ஆனால் பிரதிக்குப் பிரதி எடுத்தால் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடிக்கொண்டே போகும். நாலாவது பிரதியைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

1982-இல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் இந்தத் தொல்லை இல்லை. அதில் இருப்பது வெறும் எண்கள். ஒரு விநாடி ஒலியை 44,100 தடவை அளந்து எழுதி வைப்பார்கள். எண்ணைப் பார்த்து எழுதினால் தேயுமா? நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். ஆனால் நான்கு நிமிடப் பாட்டு சுமார் 42 மெகாபைட். அந்தக் காலத்து 56 கே மோடத்தில் இறக்க ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகும்!

அதைச் சுருக்கியதுதான் எம்.பி.3. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தத்துவம் ரொம்ப எளிது. பக்கத்தில் தவில் அடிக்கும்போது உங்கள் நண்பன் குசுகுசுன்னு பேசினால் கேட்குமா? கேட்காது. அப்படிக் காதுக்கு எட்டாத ஒலியை எதற்குச் சேமிக்கணும்? தூக்கிவிட்டால் போச்சு. 42 மெகாபைட் 4 மெகாபைட்டுக்கும் கீழே வந்தது. இறக்க ஒன்பது நிமிடம் போதும்.

பதினெட்டு வயசுப் பையன்

1999-இல் அமெரிக்காவில் ஷான் ஃபேனிங் என்ற 18 வயது கல்லூரி மாணவர் 'நாப்ஸ்டர்' என்ற மென்பொருளை வெளியிட்டார். யாரிடம் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரிடம் இருக்கும். பாட்டு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நேராகப் போகும். காசே கிடையாது.

அதே வருஷம் டிசம்பரில் இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2000-இல் மெட்டாலிகா இசைக்குழுவும் போட்டது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் சேவை நின்றது.

ரசிகர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு பாட்டு பிடித்ததற்காக முழு சி.டி.க்கும் காசு கொடுக்கணுமா? கடையிலேயே கிடைக்காத பழைய பாட்டுக்கு எங்கே போவது? 2003-இல் ஆப்பிள் கம்பெனி ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்க ஆரம்பித்தது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டு விற்றது! நியாயமான விலையில் சுலபமாகக் கிடைத்தால் காசு கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

காசு கொடுத்து வாங்கினால் எல்லாம் கலைஞருக்கே போய்விடுமா? அதுவும் இல்லை. நம் நாட்டில் சினிமாப் பாட்டை எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தின பிறகுதான், ராயல்டியில் அவர்களுக்குச் சம பங்கு என்பது விட்டுக்கொடுக்க முடியாத உரிமையானது.

இப்போது எது நம்முடையது?

* இசைத்தட்டு, கேசட், சி.டி.: நம் பொருள். நண்பனுக்கு இரவல் தரலாம். கீறல் விழலாம்.
* டவுன்லோடு: காசு கொடுத்தும் வாங்கலாம், திருட்டுத்தனமாகவும் எடுக்கலாம். மெமரி கார்டு போனால் எல்லாம் போச்சு. (எனக்குப் போச்சு!)
* ஸ்ட்ரீமிங்: வாடகை வீடு மாதிரி. சந்தா நின்றால் சந்தாவில் வந்ததும் நின்றுவிடும்.

இணையத்தில் ஏற்றிவிட்டால் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மைஸ்பேஸ் தளத்தில் 2015-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019-இல் தெரியவந்தது. சுமார் 5 கோடிப் பாட்டு!

உங்களுக்குத் தெரியுமா? 2022-இல் அமெரிக்காவில் சி.டி.யைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அந்த ஒரு கேசட்

பெட்டியில் இருந்த அந்தக் கேசட் எங்க பெரிய தாத்தா வாசித்த நாகசுரம். 1992-இல் கடன் வாங்கி 500 கேசட் போட்டாராம். பக்கத்து டவுனில் ஒரு கடைக்காரர் ஒன்றே ஒன்றை வாங்கி, அதைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பாதி விலைக்கு விற்றாராம். பெரிய தாத்தாவின் கேசட்டில் முக்கால்வாசி வீட்டிலேயே தங்கிவிட்டது. "ரெண்டாவது கேசட் போடவே இல்லப்பா" என்று அப்பா சொன்னார்.

கேசட்டைப் போட்டுக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? அந்த வாசிப்பு ஏற்கெனவே என் செல்லில் இருக்கு! ஒரு கல்யாண வீடியோவுக்காக யாரோ அனுப்பியது. ஃபைலின் பெயர் 'டிராக் 03'. வாசித்தது யார் என்று தெரியாமலே ஒரு வருஷமாக வைத்திருந்திருக்கிறேன்.

கேசட் அட்டையில் நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்று நாலு பேர் பெயரும் அச்சாகியிருந்தது. பிரதிக்கு மேல் பிரதி போனதில் காசு மட்டும் போகவில்லை, பெயரும் போய்விட்டது.

நண்பர்களே, டவுன்லோடே பண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கலைஞர்களே இலவசமாகக் கொடுப்பதும் உண்டு. ஆனால் ரொம்பப் பிடித்த ஒரு பாட்டையாவது வருஷத்துக்கு ஒரு தடவை காசு கொடுத்து வாங்குவோம். பாட்டை அனுப்பும்போது பாடியவர், வாசித்தவர் பெயரையும் சேர்த்து அனுப்புவோம். எம்.பி.3 ஃபைலுக்குள்ளேயே பெயர் எழுத இடம் இருக்கிறது.

நான் முதலில் செய்த வேலை அதுதான். 'டிராக் 03' என்பதை அழித்துவிட்டு அந்த நாலு பேர் பெயரையும் எழுதி, எனக்கு அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பினேன். அட்டைப்பெட்டி மறுபடியும் பரண் மேல் ஏறிவிட்டது. அந்தக் கேசட் மட்டும் என் மேசையில் இருக்கு.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்