மூட்டை தூக்கும்போது சுரீர் வலியா... சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்!

யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. குனிந்தபடியே அதைத் தூக்கி, உடம்பைத் திருப்பும்போது இடுப்பில் 'சுரீர்' என்று ஒரு வலி. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்ப்பார்கள். ஆனால், வலி பிட்டம், தொடை வழியாகப் பாதம் வரை இறங்கினால், அது ஜவ்வு விலகலாக இருக்கலாம்.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல 23 ஜவ்வுகள் இருக்கின்றன. வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில், அறுவை சிகிச்சை இல்லாமலே வலி குறைந்துவிடும். ஓரிரு நாள் ஓய்வு போதும். படுத்தே கிடந்தால் தசை தளர்ந்துவிடும். மருத்துவர் தரும் வலி மருந்து, பிசியோதெரபி, மெதுவான நடை ஆகியவை கைகொடுக்கும். முதுகை மிதித்தோ, முறுக்கியோ சுளுக்கு எடுக்கக் கூடாது.

சிறுநீர் போகாமல் கட்டிக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால், பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

மூட்டை தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள். மூட்டையை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இடுப்பை முறுக்காமல், காலை நகர்த்தித் திரும்புங்கள். முடிந்தவரை இரண்டு பேராகத் தூக்குங்கள்.